வீதி, அணை, வீடு: கட்டுவோர் எதிர்கொள்ளும் இடர்நேர்வுகள்

கட்டட வேலைகளின் அளவையும் செலவையும் கணிக்கும் துறையிற் பணிபுரியும் எம் பழைய மாணவர் ஒருவர், விடுமுறையில் ஹந்தானைக்கு வந்திருந்தபோது என்னிடம் ஒரு சொல்லுக்குத் தமிழ் கேட்டார். ஒரு வேலையில் நேரக்கூடியதும், ஆயின் நேர்ந்தே தீரும் என்று துணிந்து சொல்லவியலாததுமான கேட்டினை அவர் துறையினர் ‘றிஸ்க்’ என்பர். யான் ஆபத்து என்றேன். அது வந்துவிட்ட ஒன்றல்லவா என்றார். இடர் என்றேன், அதுவும் வந்தபின் படுவதே என்றார். மத்திய வங்கியின் தமிழறிக்கைகளிற் பயின்றுவரும் ‘இடர்நேர்வு’ என்னுஞ் சொல்லை ஈற்றில் நினைவூட்டினேன். அதனை ஏற்றுக்கொண்டவர், விடைபெறுமுன் இன்னொன்றுங் கேட்டார்: “வீதி போடுவதற்கும் வீடு கட்டுவதற்கும் அணை எழுப்புவதற்கும் இடர்நேர்வு ஒன்றுதானா, சேர்? எங்கள் கந்தோரில் எல்லாவற்றுக்கும் ஒரே படிவந்தான் நிரப்புகிறோம்.”

சொல்லைத் தேடித் தருவது தமிழாசிரியனுக்கு இயலும். இக்கேள்விக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. பொறியியல் யான் கற்ற கல்வியன்று. எனினும், ஹந்தானைச் சரிவில் வாழ்வார்க்கு இதனை ஆராய வேறெங்குஞ் செல்லவேண்டியதில்லை. மலையின் வடபுறத்தே 1807இல் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் வயல்நிலத்தின் குறுக்கே மண்ணணை எழுப்பி ஆக்கிய கண்டி வாவி கிடக்கின்றது. மேற்கு அடிவாரத்தில், 1952இல் கொழும்பிலிருந்து பேராதனைக்கு இடம்பெயர்ந்த பல்கலைக்கழகத்தின் மண்டபங்கள் தோன்றுகின்றன. அதற்கும் அப்பால், கடுகண்ணாவை மலையேறி வீதியும் புகையிரதப் பாதையும் வருகின்றன. கிழக்கே மகாவலியை மறித்து விக்டோரியா அணை நிற்கின்றது. நம்மைச் சூழ்ந்த சரிவெங்கும் தோட்ட லயங்களும் புதுவீடுகளும். இவற்றுள் ஒவ்வொன்றும் கட்டுவோனை ஒவ்வொரு வகையில் அச்சுறுத்தியது. அவ்வச்சங்களை ஒப்புநோக்கின், இரண்டு வினாக்களுக்கு ஒவ்வொரு வேலையும் வெவ்வேறு விடை தருவதைக் காணலாம். கண்ணுக்குப் புலப்படாத பகுதி எவ்விடத்தே இருக்கின்றது? அது வெளிப்படும்போது யார் தலையில் வீழ்கின்றது?

எளியதிலிருந்து தொடங்குவோம். சமநிலத்திலே கட்டப்படும் பாடசாலை மண்டபம் ஒன்றை எண்ணுக. வரைபடத்தைப் பார்த்தே இத்தனை செங்கல், இத்தனை மூடை சீமெந்து, இத்தனை அடி மரம் என்று எண்ணிவிடலாம். காணாப் பகுதி அத்திவாரத்தின் கீழே சில அடி மண்ணே. நாலைந்து குழிகள் தோண்டினால் அதுவும் கண்டதாகிவிடும். இத்தகைய வேலையை நிலம் கெடுப்பது அரிது. விலையும் ஆட்களுமே கெடுப்பர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் சீமெந்தும் இரும்பும் விற்ற விலையை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். முன்னைய ஆண்டு நிலையான விலைக்கு ஒப்புக்கொண்ட ஒப்பந்தக்காரர் பலர், தொடர்ந்தால் கைப்பொருள் போம், நிறுத்தினால் பெயர் போம் என்னும் நிலையில் நின்றனர். அரைகுறையாய் நின்ற தூண்கள் துருப்பிடித்த கம்பிகளை நீட்டிக்கொண்டு ஊர்தோறும் காட்சியளித்தன. அங்கே எந்தப் பாறையும் பிளக்கவில்லை. எந்த மண்ணும் சரியவில்லை.

அதே மண்டபத்தை மலைச்சரிவில் எழுப்பினாலோ, கணக்கு முற்றும் மாறிவிடுகின்றது. கண்டி நகரை அடுத்த பூவெலிக்கடையில் 2020 செப்டெம்பர் 20ஆம் நாள் விடியற்காலத்தில், ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து அயலிலிருந்த வீட்டின்மேல் வீழ்ந்தது. அவ்வீட்டில் உறங்கிக்கொண்டிருந்த தாய், தந்தை, கைக்குழந்தை மூவரும் மாண்டனர். கட்டடத்தை எழுப்ப முடிவுசெய்தவர்களுமல்லர், அதனாற் பயன்பெற்றவர்களுமல்லர் அவர்கள், அயலவர் மாத்திரமே. கட்டடம் என்பது தன் எல்லைக்கல்லுக்குள் அடங்கிய வேலை என்றே நாம் எண்ணுகின்றோம். மலையில் எல்லைக்கல் அவ்வளவு வலியுடையதன்று.

இனி வீதிக்கு வருவோம். கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் வீதி 1820இல் தொடங்கப்பெற்றது. தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் காலத்தில், அரச பொறியியற் படையைச் சேர்ந்த கப்டன் டோசன் அதனைத் திட்டமிட்டு நடத்தினார். அவர் 1829இல் இறந்தார். கடுகண்ணாவை உச்சியில் இன்றும் நிற்கும் உயர்ந்த கோபுரம் அவர் நினைவுக்கு எழுந்தது. வீதியை வெட்டிய கிராமத்தவர்க்குக் கோபுரம் ஏதுமில்லை. அவர்கள் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழிய முறையால் அழைக்கப்பட்டவர்கள். அம்முறை 1832இலேயே ஒழிக்கப்பட்டது. ஆகவே அவ்வீதியின் செலவுக் கணக்கைப் பார்க்கும் எவரும், தொழிலாளியின் நோயும் சாவும் எந்தப் பத்தியில் எழுதப்பட்டன என்று வினவுதல் தகும். எந்தப் பத்தியிலும் எழுதப்படவில்லை. ஊழியத்துக்குக் கூலியில்லாதபோது இழப்புக்கும் விலையில்லை.

வீதியின் இடர்நேர்வு எவ்வியல்பினது? அது நீளத்தாற் பெருகுவது. கட்டடம் ஓரிடத்தில் நிற்கின்றது. வீதியோ மைலுக்கு மைல் புதிய மண்ணையும், புதிய ஊற்றையும், புதிய காணிக்காரனையும் சந்திக்கின்றது. ஓரிடத்திற் பாறை வலியது. அடுத்த வளைவில் அதே பாறை உக்கி மண்ணாய்க் கிடக்கின்றது. சரிவின் அடியை வெட்டி வழி சமைக்கும்போது, மேலேயுள்ள நிலம் ஊன்றிநின்ற காலை நாம் வெட்டுகின்றோம். வெட்டிய அன்றே அது வீழ்ந்தால் வேலையாட்கள் அறிவர், பொறியியலாளரும் அறிவர். வீழாதிருந்தாலே பொல்லாதது. மழை ஊறி ஊறி, மரவேர் உக்கி, கல்லின் வெடிப்பு அகன்று, ஆண்டுகள் பல கழிந்தபின் அது வீழ்கின்றது. 2025 நவம்பர் 22ஆம் நாள் கீழ்க்கடுகண்ணாவையில் இதே கண்டி வீதியோரத்தில் மண்ணும் பாறையும் சரிந்து கடையொன்றின்மேல் வீழ்ந்து உயிர்களைப் பலிகொண்டதை நாம் அறிவோம். டோசன் மறைந்து நூற்றுத் தொண்ணூற்றாறு ஆண்டுகள் கழிந்துவிட்டன. வீதி திறக்கப்பட்ட நாளன்று வேலை முடிந்தது என்று ஏட்டில் எழுதலாம். மலையின் ஏட்டில் அவ்வாறு எழுதப்படுவதில்லை.

பாலத்தைப் பற்றி ஒரு சொல். பேராதனையில் மகாவலியின்மேல் 1830களில் முதிரை மரத்தாலே ஒரே வளைவாக அமைக்கப்பட்ட பாலம், காண்போரை வியக்கச் செய்து, 1905இல் இரும்புப் பாலத்துக்கு இடங்கொடுத்தது. பாலத்துக்குக் கட்டுங்காலமே பேரிடர்க் காலம். வளைவு முற்றிக் கூடும்வரை அது தன்னைத் தாங்காது. தற்காலிகச் சாரமே அதனைத் தாங்கும். மலைநாட்டு ஆறு ஓரிரவு மழைக்குப் பெருக்கெடுத்தால், சாரத்தோடு எல்லாமே போய்விடும். வளைவு கூடியபின் அது பல தலைமுறைக்கு நின்றுவிடும். வீதிக்கு நேர்மாறான இயல்பு இது.

புகையிரதப் பாதையின் கதை நீண்டது. அதனைச் சற்று விரித்துரைக்க வாசகர் இடந்தரவேண்டும். கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல மாட்டுவண்டி போதாதென்று தோட்டக்காரர் வற்புறுத்தியதன் பயனாக, 1858 ஆகஸ்ட் மாதத்திலே தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டித் தொடக்கிவைத்தார். தொடங்கியபின்னரே மலைப்பகுதியைச் செவ்வையாக அளந்தார்கள். அளந்தபோது, மதிப்பிட்ட செலவு இரு மடங்கிற்கும் மேலாகப் பெருகிற்று. கம்பனியோடு செய்த உடன்பாடு குலைந்தது. 1861இல் அரசாங்கமே வேலையைப் பொறுப்பேற்றது. இந்த ஒரு செய்தி மாணவர் மனத்திற் பதியத்தக்கது. முதலாவது தோல்வி பாறையிலோ பாலத்திலோ நிகழவில்லை, கடுதாசியில் நிகழ்ந்தது.

பின்னர் ஒப்பந்தம் பெற்றவர் வில்லியம் பேவியல் என்பார். இவர் இதற்குமுன் பம்பாய்க்கும் பூனாவுக்கும் இடையிலுள்ள போர்காட் மலைச்சரிவில் புகையிரதப் பாதை அமைக்க ஒப்பந்தம் எடுத்திருந்தவர். அங்கே 1859இல் தொழிலாளர் கலகம் மூண்டபின் அவ்வேலையை விட்டு நீங்கினார். அவரிடத்துக்கு வந்த சொலமன் றெட்வெல் இந்தியாவில் கால்வைத்த சில நாளில் நோயுற்று இறக்க, அவர் மனைவி அலிஸ் றெட்வெல் அம்மையார் ஒப்பந்தத்தைத் தாமே நடத்துவித்தார். 1863இல் பாதை திறக்கப்பட்டது. போர்காட்டிற் பட்டறிந்தவர் இங்கே கடுகண்ணாவையில் வெற்றிகண்டார் என்றே சொல்லவேண்டும். நாற்பத்தைந்து அடி நீளத்துக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில், பாறையைக் குடைந்தும் விளிம்பைச் செதுக்கியும் பாதை சென்று, 1867இல் கண்டியை அடைந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த நம்மவரும் சிங்களக் கிராமத்தவரும் அங்கு உழைத்தனர். மலையடிவாரத்துக் காய்ச்சல் அவர்களை வாட்டிற்று. வெடிமருந்தைக் காட்டிலும் நுளம்பு கொடியது என்பது அக்காலத்துப் பாதை வேலைகள் யாவற்றிலும் கண்ட உண்மை.

இனி வருவதே வியப்பு. பாதை கண்டிக்கு வந்து ஈராண்டில், 1869இல், கோப்பிச் செடியின் இலையில் ஒரு மஞ்சட் புள்ளி தோன்றியது. அந்த இலைநோய் இருபதாண்டுக்குள் இலங்கைக் கோப்பியையே அழித்துவிட்டது. எந்தச் சரக்குக்காகப் பாதை போட்டார்களோ அந்தச் சரக்கே இல்லாதொழிந்தது! பாதை பிழைத்ததற்குக் காரணம், அது கண்டிக்கு வந்த அதே 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் நட்ட தேயிலை. கட்டுமானம் பழுதின்றி முடிந்தும் அதன் பயன் பொய்த்துப்போதல் என்னும் இவ்விடர்நேர்வு, பாடசாலை மண்டபத்துக்குப் பெரிதும் இல்லை; பிள்ளைகள் எப்படியும் வருவார்கள். புகையிரதம், துறைமுகம், விமானத்தளம் ஆகியவற்றுக்கோ இதுவே தலையாயது. ஒப்பந்தக்காரர் தம் பணத்தைப் பெற்றுக்கொண்டு கப்பலேறிவிடுவார். பயன் பொய்த்தால் சுமப்பது வரி கொடுக்கும் குடிகளே.

மலையைச் சுற்றிச் செல்வது வீதி. மலைக்குள்ளேயே நுழைவது சுரங்கம். கட்டுமானங்களுள் காணாப் பகுதி முழுமையாகவே முன்னால் நிற்பது இதில் மாத்திரந்தான். பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் மலையூடாக உக்குவளைக்கு நீர் கொண்டுசெல்லும் சுரங்கம் 1976இற் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் வெற்றியைக் கண்டு சுரங்கம் எளிதென்று எவரும் எண்ணிவிடலாகாது. ஊவாவில் உமா ஓயாத் திட்டத்துக்காகக் குடைந்த சுரங்கத்தில் 2014இன் இறுதியில் நிலத்தடி நீர் பெருகிப் பாய்ந்தது. பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின. ஆயிரக்கணக்கான வீடுகளில் வெடிப்புக்கள் தோன்றின. சுரங்கத்துக்குள் வேலை செய்தவனுக்கு வெள்ளம்; பல நூறு அடிக்கு மேலே காய்கறிப் பாத்தி வைத்திருந்தவனுக்கு வறட்சி. தன் நிலத்தின் கீழே யாரோ குடைகின்றார்கள் என்பதைக்கூட அறியாதிருந்த ஒருவன், காலையிற் கிணற்றில் வாளியை இறக்கி வெறும் வாளியை எடுத்தான். அத்திட்டம் 2024 ஏப்பிரலிலேயே திறந்துவைக்கப்பட்டது.

இங்கே எம் மாணவரின் படிவத்துக்கு ஒரு விடை கிடைக்கின்றது. மண்டபத்துக்கு, ‘இவ்வளவு பணத்துக்கு முடித்துத் தருவேன்’ என்று ஒரே தொகைக்கு ஒப்பந்தம் எழுதலாம், அளவு தெரிந்தது. சுரங்கத்துக்கு அவ்வாறு எழுதினால் இரண்டில் ஒன்று நிகழும். ஒப்பந்தக்காரர் அஞ்சித் தொகையைப் பெருக்கிக் கேட்பார். அன்றேல் குறைத்துக் கேட்டு, நீர் பாய்ந்த அன்று வழக்குக்கு நிற்பார். இவ்வுண்மையை உணர்ந்தே, பன்னாட்டு ஆலோசனைப் பொறியியலாளர் சம்மேளனம் 2019இல் நிலத்தடி வேலைகளுக்கென்றே தனியானதோர் ஒப்பந்த நூலை வெளியிட்டது. மரகத நூல் என்று அதனைக் குறிப்பர். நிலம் இவ்வாறிருக்கும் என்று முதலில் இருதரத்தாரும் ஒரு விவரத்தை எழுதி ஒப்புக்கொள்வர். அவ்விவரத்துக்கு மாறாக நிலம் அமைந்திருப்பின், அச்செலவை வேலையைச் செய்விப்பவர் ஏற்பர். விவரத்துக்குள் அடங்கியதாயின் ஒப்பந்தக்காரர் ஏற்பர். மிகச் செவ்விய ஏற்பாடுதான். ஆயின் அதிற் கையொப்பமிடுவோர் இருவரே. கிணற்றுக்குச் சொந்தக்காரன் அங்கே இல்லை.

அணைக்கட்டுக்களிலே இப்பொருள் மிகச் செழித்திருக்கின்றது. அணையெல்லாம் ஒன்றெனக் கருதுவோர் விக்டோரியாவையும் கொத்மலையையும் ஒருங்கே நோக்குக. இரண்டும் 1985இற் திறக்கப்பட்டவை. இரண்டும் மகாவலி நீருக்கானவை. விக்டோரியா 122 மீற்றர் உயர்ந்த கொங்கிறீற்று வளைவணை. முட்டையோட்டைப்போல இருபுறமும் வளைந்தது. அது தன் பாரத்தால் நீரைத் தடுப்பதன்று. நீரின் தள்ளுதலை இருமருங்கிலுமுள்ள மலைப்பாறைக்கு ஒப்படைத்து நிற்பது. ஆகவே அதன் உயிர்நிலை கொங்கிறீற்றில் இல்லை, பாறையில் இருக்கின்றது. கொத்மலையோ 87 மீற்றர் உயரத்துக்குக் கருங்கல்லைக் குவித்து, நீர்ப்பக்கத்தில் கொங்கிறீற்றுப் போர்வை போர்த்தது. அது மலைபோலத் தன் பாரத்தால் அமர்ந்திருப்பது. சிறிது அமிழ்ந்தாலும் கற்குவை வளைந்துகொடுக்கும். போர்வை வெடித்து நீர் கசிகின்றதா என்பதே அங்கே பார்க்கவேண்டுவது.

வளைவணைக்குப் பாறை துணைசெய்யாவிடில் என் நேரும் என்பதற்கு, தென் பிரான்சின் மல்பாசே அணை சான்று. கட்டி ஐந்தாண்டேயான அவ்வணை 1959 டிசெம்பர் 2ஆம் நாளிரவு இடக்கரைப் பாறை நெகிழ்ந்தமையால் தகர்ந்தது; நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இத்தாலியின் வாயோந்து அணையின் கதை இதனிலும் விந்தையானது. 1963 ஒக்டோபர் 9ஆம் நாள் நீர்த்தேக்கத்தின் பக்கத்து மலை அப்படியே தேக்கத்துள் சரிந்து வீழ, எழுந்த அலை அணையைத் தாண்டிப் பாய்ந்து, கீழேயிருந்த ஊர்களில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேரை அழித்தது. அணை தகரவில்லை. இன்றும் நிற்கின்றது. அணை உறுதியாயிருந்தால் மாத்திரம் போதாது, பக்கத்து மலையும் நிற்கவேண்டும் என்பதற்கு அதனிலும் பெரிய சாட்சி வேண்டுவதில்லை.

வெளிநாட்டுக் கதைகள் எதற்கு என்று கேட்போர்க்கு நம் நாட்டிலும் உண்டு. மரபுக்கதை குளக்கோட்டனோடு இணைத்துப் பேசும் கந்தளாய்க் குளத்தின் மண்ணணை, ஆயிரம் ஆண்டுக்கு மேல் நின்ற ஒன்று, 1986 ஏப்பிரல் 20ஆம் நாள் விடியுமுன் உடைத்துக்கொண்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். மண்ணணையின் பகை உள்ளரிப்பு. விரலளவு துளையூடு நீர் மண்துகளை ஒவ்வொன்றாகக் கொண்டுசெல்லும், துளை குழாயாகும், குழாய் வாயாகும். பழமையே பாதுகாப்பென்று அங்கிருந்தோர் நம்பினர், யாராயிருப்பினும் நம்பியிருப்போம். சமனலவாவியில் 1992இல் நீர் நிரப்பிய காலத்திலே அணை அசையவில்லை. வலக்கரை மலையில் சுண்ணக்கற் பொந்துகளினூடே நீர் வெடித்துப் பாய்ந்தது. கட்டுமுன்னரே அப்பாறை நீர் கசியவிடும் என்ற ஐயம் இருந்தது. சீமெந்துப் பாலைத் துளைகள் வழியே பெருஞ்செலவில் செலுத்தியும் பார்த்தார்கள். அணைக்கு முதன்முறை நீர் நிரப்பும் நாளே அதன் தேர்வு நாள். அதுவரை செய்ததெல்லாம் பயிற்சி வினாத்தாள் எழுதியதற்கு ஒப்பாகும்.

திருக்குறளில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்கள் 47 முதல் 50 வரை அடுத்தடுத்து நிற்பதை வகுப்பிற் பல்லாண்டு கற்பித்திருக்கிறேன். வேந்தனுக்கும் போருக்கும் உரியவை என்றே அவற்றை விளக்கிவந்தேன். அவ்வரிசை மலைநாட்டிற் கல் அடுக்குவோனுக்கும் பொருந்தும் என்பதை யான் உணர்ந்தது, முன்னர்ப் பணியாற்றிய மலைப்பாடசாலையொன்றில் எழுந்த மண்தாங்கு சுவர் ஒன்றினால்.

வகுப்பறைக்குப் பின்னேயிருந்த மண்மேட்டைத் தாங்க அச்சுவரைக் கட்டினார்கள். வேலை நடந்தது மாசி பங்குனியில். மண் உலர்ந்து இறுகிச் சுவரின் உதவியே வேண்டாததுபோல் நின்றது. மேசன் பாஸ் முதியவர். சுவருக்குள் வரிசையாகக் குழாய் வைக்கவேண்டும், பின்னால் சல்லி நிரப்பவேண்டும், மழை நீருக்கு வழிவிடாத சுவர் நில்லாது என்று அவர் சொன்னதை யானே கேட்டேன். மதிப்பீட்டில் குழாய் இல்லை என்று விடை வந்தது. அவ்வாண்டு ஐப்பசி மழையில் ஓரிரவு சுவர் வயிறு தள்ளி, காலையில் வகுப்பறை வாங்குகளின்மேற் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமையாதலின் பிள்ளைகள் தப்பினர். சுவர் தாங்கவேண்டியிருந்தது மண்ணின் பாரத்தை என்று எல்லோரும் எண்ணியிருந்தோம். தள்ளியது மண்ணுக்குப் பின்னே தேங்கிய நீர். மண்ணின் தள்ளுதலோடு நீரின் தள்ளுதலும் சேர்ந்தால் சுவரின்மேலுள்ள விசை இரட்டிக்கும் என்று பின்னர் ஒரு பொறியியலாளர் விளக்கினார். மேசன் பாஸ் விளக்கமின்றியே அறிந்திருந்தார். சில நூறு ரூபாக் குழாய்கள் அவை.

இவ்வாறு சிறு வேலைக்கு வருவோமாயின், நம் மக்களுக்கு மிக நெருங்கிய இடர்நேர்வு வீட்டிலேயே இருப்பது புலனாகும். தோட்ட லயங்களைக் கட்டியோர் அவற்றை எங்கே அமைத்தனர் என்று நோக்குக. நல்ல நிலம் தேயிலைக்கு, உயர்ந்த காட்சியிடம் துரை பங்களாவுக்கு, எஞ்சியது லயத்துக்கு. நீரோடை அருகே, சரிவின் மடியில், ஓடைக்குழிவின் வாயில் அவை நிற்கின்றன. கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலை மலை இறங்கி லயங்களை மூடிற்று. அவ்விடம் வாழத் தகாதது என்று பல்லாண்டுக்கு முன்னரே அறிவித்தல் கொடுக்கப்பட்டிருந்தது. அறிவித்தல் இருந்தது, போவதற்கு வேறு காணி இருக்கவில்லை. அணையில் இடர்நேர்வைக் கணிக்க ஆயிரம் அறிஞர், சுரங்கத்திலே பன்னாட்டு ஒப்பந்தம். லயத்திலோ அதனைக் கணித்தவனும் இல்லை, ஏற்கச் சம்மதமா என்று குடியிருந்தவனைக் கேட்டவனும் இல்லை.

இப்போது லயத்தை விட்டு, ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்னும் நிலை மெல்ல வருகின்றது. இந்திய உதவியில் நாலாயிரம் வீடுகளும், 2017இல் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்ட பத்தாயிரமும் அவ்வழியின. மகிழத்தக்கதே. எனினும் தனிவீடு வந்தவுடன் ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு கட்டுமானக்காரன் ஆகிவிடுகின்றது. ஒருவன் முற்றத்துக்காகப் பின்மேட்டை வெட்டுகின்றான். மேல்வீட்டுக்காரனின் அத்திவாரம் அங்கே இருக்கின்றது. இன்னொருவன் குளியலறை நீரைச் சரிவில் விடுகின்றான். கீழ்வீட்டுக்காரனின் மேடு நனைகின்றது. பூவெலிக்கடையில் ஐந்து மாடியில் நேர்ந்தது, ஒற்றை மாடியிலும் நேரலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் கொட்டிய மழையில் நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். நம் கண்டி மாவட்டமே மிகுந்த உயிர்களைக் கொடுத்தது. மலைநாட்டுப் புகையிரதப் பாதையும் பலவிடத்துச் சிதைந்தது. அந்நாட்களில் இம்மலையில் உறங்கியவர் எத்தனைபேர்?

ஆதலின் மலைநாட்டில் வீடு கட்ட எண்ணும் பழைய மாணவர்கள், வரைபடத்துக்குக் கொடுக்கும் கவனத்திற் பாதியையேனும் நிலத்துக்குக் கொடுப்பாராக. 1984இல் நிறுவப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு நேரக்கூடிய இடங்களைப் படமாக வரைந்து வைத்துள்ளது. மலை மாவட்டங்களிற் கட்டுமுன் அதன் அனுமதியைப் பெறுதல் வேண்டும். அதனைக் கடுதாசி வேலை என்று தரகரிடம் விட்டுவிடாமல், அவ்வதிகாரி காணிக்கு வரும் நாளில் தாமும் உடனிருந்து, எந்தப் பக்கம் வெட்டலாம், எவ்வளவு உயரம் வெட்டலாம், மழைநீர் எவ்வழி செல்லவேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுதல் நன்று. மேட்டின் உச்சியில் நீரைத் திருப்பிவிடும் வாய்க்கால் ஒன்றை முதலில் வெட்டிய பின்னரே அத்திவாரத்துக்கு மண்வெட்டியை எடுக்கவேண்டும். மண்வேலையை ஐப்பசி கார்த்திகையில் தொடங்கலாகாது.

எம் மாணவருக்கு இவற்றை எழுதியனுப்பினேன். தம் கந்தோர்ப் படிவத்தில் ஒரு பத்தியைத் தாம் சேர்த்துக்கொண்டதாகவும், அதற்கு ‘சுமப்பவர்’ என்று தலைப்பிட்டதாகவும், மேலதிகாரி இன்னும் அதனை ஏற்கவில்லை என்றும் மறுமொழி எழுதினார்.

ஏற்கெனவே கட்டிய வீட்டில் இருப்போர்க்கு மாத்திரம் இன்னுஞ் சில சொற்கள். நிலத்திலோ சுவரிலோ புதிதாய்த் தோன்றி நாளுக்குநாள் அகலும் வெடிப்பு, நேராய் நின்ற மரமும் மின்கம்பமும் சாய்தல், முன்பு இல்லாத இடத்தில் நீர் ஊறுதல், தெளிந்து வந்த ஊற்று திடீரெனக் கலங்குதல் அல்லது நின்றுபோதல், கதவும் யன்னலும் காரணமின்றி இறுகுதல் ஆகியன மலை நகரத் தொடங்கியதன் அறிகுறிகள். மழை பெய்துகொண்டிருக்கும்போது இவற்றுள் ஒன்று தென்படினும், பொழுது விடியட்டும் என்று காத்திராமல், பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு அப்போதே அவ்வீட்டை விட்டு நீங்குதல் வேண்டும்.